விதைநெல் பொறுக்குவதுபோலப் பிள்ளை பொறுக்கலாமா?

கேட்டவர் அம்பாறைக் கரையோரத்தில் வயல் செய்பவர். மாமாவின் மகளைக் கட்டியவர். மூத்த மகனுக்கு ஆறு வயது, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய், மாதா மாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். அடுத்த பிள்ளைக்கு இந்தியா போய், கருவிலேயே சோதித்து, நோயில்லாததைப் பொறுக்கி வைக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "இது பாவமா?" என்று கேட்கிறார். அதோடு இன்னும் இரண்டு: "குடி (குலம்) மாறித்தானே கட்டினன், பிறகும் ஏன் இப்படி வந்தது?" "நெல்லுக்கு விதை பொறுக்கிறம், மாட்டுக்கு நல்ல நாம்பன் பார்க்கிறம், மனிசனுக்கும் நாலு தலைமுறைக்கு அப்படிச் செய்தால் நம்மட சனம் நல்லா வராதா?" எழுத்தில் இருப்பது மூன்று கேள்வி. எனக்குக் கேட்டது எழுதாத நாலாவது ஒன்று: இது என்ட பிழையா? அதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லை, தம்பி.

நான் டொக்டர் அல்ல. மட்டக்களப்பில் ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு வருடம் இரத்தம் பார்த்தவன். பாவ புண்ணியத்துக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அதை உங்கள் கோயில், பள்ளி, தேவாலயத்தில்தான் கேட்க வேண்டும். ஆனால் உங்கள் மகனுடையதைப் போன்ற இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் எத்தனையோ நூறு தடவை பார்த்திருக்கிறேன். கலங்கள் சிறியவை, வெளிறியவை. சிலவற்றின் நடுவில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு, சுற்றிவர வெள்ளை வளையம், ஓரத்தில் மீண்டும் சிவப்பு. மேலிருந்து பார்த்தால் அச்சு அசல் முட்டை அப்பம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன், மறக்க மாட்டார்கள்.

குடி விடயத்துக்கு வருவோம். நம் பக்கத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழி. காலிங்கா குடித் தாய்க்குப் பிறந்தவன் காலிங்கா குடிதான், அப்பன் எந்தக் குடியாக இருந்தாலும். ஒரே குடிக்குள் கட்டுவதில்லை. கேட்டால் "இரத்தம் ஒன்று" என்பார்கள் பெரியவர்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உடலில் உண்மையிலேயே குடியைப் போலவே தாயிடமிருந்து மட்டும் வரும் ஒரு பொருள் உண்டு: கலத்துக்குள் இருக்கும் இழைமணியின் (மைற்றோகொண்ட்ரியா) டி.என்.ஏ. ஆணும் பெண்ணும் அதைத் தாயிடமிருந்து வாங்குவார்கள், பெண் மட்டும் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பாள். குடி போகும் அதே வழி, ஒரு அடி பிசகாது. ஆனால் அதில் இருப்பவை 37 பரம்பரையலகுகள் (ஜீன்கள்) தான். மனிதனுக்குள்ள புரதம் ஆக்கும் பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000. உங்கள் மகனின் நோய்க்குக் காரணமானது 11ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) இருக்கிறது. அது குடி பார்த்துப் போவதில்லை, தாயிடமிருந்தும் வரும், தகப்பனிடமிருந்தும் வரும்.

ஆகவே பெரியம்மா மகளைக் கட்டக்கூடாது, மாமா மகளைக் கட்டலாம் என்ற விதிக்கு உறவு ஒழுங்கில் அர்த்தம் இருக்கலாம். தலசீமியாவுக்கு இரண்டும் ஒன்றுதான். (எக்ஸ் நிறமூர்த்தத்தை மட்டும் தனியாகக் கணக்குப் பார்த்தால் பெரியம்மா மகள் உறவு கொஞ்சம் கூடுதல் நெருக்கம். அந்த ஒரு இடத்தில் குடி வழமை தற்செயலாகச் சரியாக விழுந்திருக்கிறது. அவ்வளவுதான், அதற்குமேல் அதை இழுக்க வேண்டாம்.)

கணக்கைப் பாருங்கள். நீங்கள் காவி, அதாவது நோய் இல்லாமல் அந்தக் குறையை ஒற்றையாகச் சுமப்பவர். அது உங்களுக்கு அம்மா வழியால் வந்திருக்கப் பாதி வாய்ப்பு. அம்மாவிடம் இருந்தால் மாமாவிடமும் இருக்கப் பாதி. மாமாவிடமிருந்து மச்சாளுக்குப் போகப் பாதி. எட்டில் ஒன்று. இலங்கையில் பீற்றா தலசீமியாக் காவிகள் நூற்றுக்கு இரண்டு பேரளவில், இடத்துக்கு இடம் மாறும். எனவே பிறத்தியில் கட்டியிருந்தால் ஐம்பதில் ஒன்று. வித்தியாசம் பெரிது, மறைக்கவில்லை. ஆனால் அதையே திருப்பிப் பார்த்தால், உங்களைப்போல ஒரு காவி மச்சாளைக் கட்டினால் எட்டில் ஏழு பேருக்கு ஒன்றும் வராது. பொதுவாகவே முதல்தர மச்சான் மச்சாள் கல்யாணத்தில் பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்றிலிருந்து நாலு ஆறாக, ஏறத்தாழ இரட்டிப்பாக, ஏறுகிறது. தொண்ணூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். சார்ள்ஸ் டார்வின்கூட 1839இல் மாமன் மகளைத்தான் கட்டினார். பத்துப் பிள்ளைகள், மூன்று சிறுவயதிலேயே இறந்தன. தன் கல்யாணம்தான் காரணமோ என்று அந்த மனிதர் கடைசிவரை மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்தார்.

இனி நீங்கள் இருவரும் காவி என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முறை பிள்ளை தரிக்கும்போதும் நாலில் ஒன்று நோயாளி, நாலில் இரண்டு உங்களைப் போல் காவி, நாலில் ஒன்று எதுவும் இல்லாதது. "முதல் பிள்ளைக்கு வந்தாச்சு, இனி மூன்றுக்கு வராது" என்று நினைத்து வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சோழி ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் விழும்.

கருத்தேர்வு என்பது இப்படி: பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து எடுத்து, வெளியே கருக்கட்டச் செய்து, ஐந்தாம் நாள் அளவில் முளையத்தின், அதாவது அந்த இளங்கருவின், வெளிச் சுவரிலிருந்து ஐந்து பத்துக் கலங்களைக் கிள்ளிச் சோதித்து, நோயில்லாத ஒன்றைக் கருப்பைக்குள் வைப்பது. 1990இல் இலண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் தொடங்கிய வித்தை, புதுமை ஒன்றும் இல்லை. தலசீமியா போன்ற ஒற்றைப் பரம்பரையலகு நோய்களில், முதலில் உங்கள் இருவரின் மாற்றம் எது என்று சரியாகக் கண்டுபிடித்திருந்தால், சோதனை நம்பகமானது. நூற்றுக்கு நூறு அல்ல. ஒரு சுற்றில் பிள்ளையே தங்காமல் காசு போவதும் சாதாரணம், அதை விளம்பரத்தில் சிறிய எழுத்தில் போடுவார்கள். ஆணா பெண்ணா என்று இந்தியாவில் சொல்ல மாட்டார்கள், 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

இதில் நான் தவறு காணவில்லை. ஒரு பிள்ளை மாதாமாதம் ஊசியேறாமல் இருக்கட்டும் என்று தாய் தகப்பன் விரும்புவது அநியாயம் அல்ல. அந்தப் பம்ப் போடும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். ஏற்றிய இரத்தத்தால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற வயிற்றுத் தோலுக்குள் ஊசி, எட்டுப் பத்து மணித்தியாலம், கிழமையில் ஐந்து இரவு. பிள்ளை சட்டையைத் தூக்கிக்கொண்டு "இண்டைக்கு இந்தப் பக்கம், நேற்று அந்தப் பக்கம்" என்று தானாகவே இடம் காட்டும். இப்போது பலருக்குக் குளிசை வந்துவிட்டது, ஆனால் இரத்தம் ஏற்றுவது நிற்கவில்லை. வயிற்றில் வளரும் பிள்ளையைச் சோதிப்பது வேறு கதை. நோய் என்று தெரிந்தாலும் இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றிக் கருவைக் கலைக்கச் சட்டம் இடம் கொடுக்காது. அது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. அந்த வருடத்தை ஞாபகம் வைத்திருங்கள்.

ஆனால் கிளினிக்கில் ஒரு கேள்வி வரும், அங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும். எட்டு முளையம் வந்தால் கணக்குப்படி இரண்டு நோயுள்ளவை, நாலு காவி, இரண்டு சுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "காவிகளையும் விட்டுவிடலாமா, முற்றிலும் சுத்தமானதையே வைப்போமா?" என்று கேட்பார்கள். இனிமையாகத்தான் கேட்பார்கள். அந்தக் காவி முளையம் யார்? நீங்கள்தான். உங்கள் மனைவிதான். மாங்கு மாங்கென்று வயலில் நிற்கும் ஒரு ஆள், பரம்பரையலகுக்குள் ஒளிந்து கிடக்கும் ஒரு எழுத்துப்பிழையோடு. நோயைத் தவிர்ப்பது பிள்ளைக்காக. காவியைத் தவிர்ப்பது பரம்பரைக்காக. எனக்கு எல்லைக்கல் அங்கே இருக்கிறது. என்னைவிடப் படித்தவர்களில் இதை ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு; பேரப்பிள்ளைக்கு ஏன் தலைவலியை விட்டுவைக்க வேண்டும் என்பார்கள். அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பேரப்பிள்ளைக்கு வேண்டியது கல்யாணத்துக்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனைதான். அதற்காக ஒரு சுகமான முளையத்தை "அசுத்தம்" என்று பெயரிடத் தேவையில்லை.

அந்தச் சொல் எவ்வளவு சுடும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே சுட்டிருக்கிறேன். 2000களின் தொடக்கம். ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் பேசி, மாப்பிள்ளை பகுதி பரிசோதனை கேட்டிருந்தது. இரத்தத்தில் ஈமோகுளோபின் ஏ2 அளவு கூடியிருந்தது, அதுதான் காவியின் அடையாளம். மாப்பிள்ளையின் சித்தப்பா எனக்குப் பழக்கமான ஆள், பின்னேரம் ஆய்வுகூட வாசலுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "என்ன மாதிரி, நல்லா இருக்கா?" என்றார். நான் கையில் இருந்த தாளைப் பார்த்தபடி, "கொஞ்சம் தலசீமியா இருக்கு" என்றேன். ஒரே ஒரு வசனம். மறுகா என்ன, கிழமைக்குள் கல்யாணம் நின்றது. அந்தப் பொடியனின் இரத்தத்தை யாரும் கேட்கவே இல்லை. அவனுக்கு இல்லையென்றால் அவர்களுக்கு ஒரு நோயாளிப் பிள்ளையும் பிறந்திருக்காது. அந்தப் பிள்ளையின் தாய் ஒரு நாள் வரிசையில் நின்று, என்னிடம் ஒன்றும் கேட்காமல், வேறு யாருக்கோ மருந்துத் துண்டு எடுத்துக்கொண்டு போனார். அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதனால்தான் யூதர்களில் ஒரு பகுதியார் 1983இல் தொடங்கிய ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். ரே-சாக்ஸ் என்ற கொடிய பரம்பரை நோய்க்குத் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோசெப் எக்ஸ்டைன் என்ற மதகுருவின் வேலை அது. பள்ளிக்கூட வயதிலேயே எல்லோருடைய இரத்தத்தையும் எடுப்பார்கள். ஆளுக்கு ஒரு இலக்கம், பெயர் இல்லை. காவியா இல்லையா என்று ஒருவருக்கும் சொல்ல மாட்டார்கள். கல்யாணம் பேசும்போது இரண்டு இலக்கத்தையும் கொடுத்தால் "பொருந்தும்", "பொருந்தாது" என்ற பதில் மட்டும். நம் சாதகப் பொருத்தம் மாதிரி, ஆனால் உண்மையான ஒன்று. தனக்கே தன் விவரம் தெரியாமல் வைப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு, அது நல்ல கேள்விதான். என்றாலும் ஊர் வாயிலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறது. சைப்பிரசில் ஏழு பேருக்கு ஒருவர் காவி. அங்கே தேவாலயம் கல்யாணத்துக்கு முன் சான்றிதழ் கேட்டது. சோதித்து ஆலோசனை பெற்றார்கள் என்பதற்கே சான்று, முடிவு என்ன என்பதற்கு அல்ல. புதிதாகத் தலசீமியாவோடு பிறக்கும் பிள்ளைகள் அங்கே ஏறத்தாழ இல்லாமல் போய்விட்டார்கள்.

விதைநெல்லுக்கு வருகிறேன். எங்கள் அம்மப்பா போடியாரிடம் (பெரிய வயற்காரர்) முல்லைக்காரனாக, அதாவது வயல் வேலை பார்ப்பவராக, இருந்தவர், சூட்டுக்களத்தில் கதிர் பொறுக்குவதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். உங்கள் உவமை அழகானது, ஆனால் இரண்டு இடத்தில் உடைகிறது. முதலாவது, நெல் தன் பூவுக்குள் தானே மகரந்தம் சேர்க்கும் பயிர். நல்ல கதிரின் விதை அநேகமாக அதே கதிர்தான். மனிதன் அப்படி இல்லை. கெட்டிக்காரத் தகப்பனின் பிள்ளை அந்தத் தகப்பனின் பிரதி அல்ல, ஒவ்வொரு தலைமுறையும் சீட்டைக் கலைத்துப் போடுகிறது. உயரத்தை எடுங்கள், 2022இல் 54 இலட்சம் பேரைச் சோதித்ததில் ஏறத்தாழ 12,000 இடங்களில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உயரத்தைத் தீர்மானிப்பது தெரிந்தது. பத்து முளையத்தில் உயரமானதைப் பொறுக்கினால் எவ்வளவு கிடைக்கும் என்று 2019இல் கணக்குப் போட்டவர்களுக்குக் கிடைத்தது சராசரி இரண்டரை சென்ரிமீற்றர். புத்திக்கும் அப்படித்தான், ஐ.கியூ. அளவில் இரண்டரைப் புள்ளி, அதுவும் நிச்சயமில்லை. அமெரிக்காவில் இதையும் விற்கிறார்கள். அந்தக் காசுக்கு ஒரு பிள்ளைக்கு எத்தனை வருடம் மீனும் முட்டையும் கொடுக்கலாம் என்று நீங்களே பாருங்கள்.

இரண்டாவது, நெல்லை நாம் நெல்லின் நன்மைக்காகப் பொறுக்குவதில்லை. நம் வயிற்றுக்காகப் பொறுக்குகிறோம். பொறுக்காத நெல் உலைக்குப் போகும், அது முறைப்பாடு செய்யாது. ஒரே இனத்தை வெளி முழுக்க விதைத்த போகத்தில் அறக்கொட்டிப் பூச்சி வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. நம் கையில் "கெட்ட விதை" என்று சொல்லப்படுவதன் கதையையும் கேளுங்கள். தலசீமியாக் காவிகளை மலேரியா அவ்வளவாகக் கொல்லவில்லை. 1949இல் ஹோல்டேன் என்ற விஞ்ஞானி ஊகித்தது, பின்னர் பல நாடுகளில் உறுதியானது. உங்கள் மகனுக்கு வந்தது, காடு வெட்டி வயல் செய்த காலத்தில் உங்கள் பூட்டனைக் காய்ச்சலில் இருந்து காப்பாற்றிய கேடயமாகவும் இருந்திருக்கலாம். இலங்கையில் மலேரியா ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2016இல்தான்.

"நாலு தலைமுறை" என்றீர்கள். நூற்றுக்கு இரண்டு பேர் காவி என்றால் நோயாளி பத்தாயிரத்துக்கு ஒருவர். அந்த நோயாளிகள் ஒருவரும் பிள்ளை பெறக்கூடாது என்று அரசன் கட்டளை போட்டாலும், காவிகளின் தொகை பாதியாகக் குறைய நூறு தலைமுறை வேண்டும். இரண்டாயிரத்தைந்நூறு வருடம். ஏனென்றால் குறை இருப்பது நோயாளியில் அல்ல, நம் எல்லோரிலும். எங்களில் யாரை எடுத்தாலும் ஒன்றிரண்டு மோசமான எழுத்துப்பிழை உள்ளே கிடக்கும், உரிய ஜோடி சந்திக்காதவரை வெளியில் தெரியாது.

இந்தக் கணக்குத் தெரிவதற்கு முன்பும், தெரிந்த பிறகும், மனிதரைப் பொறுக்கத்தான் செய்தார்கள். பிரான்சிஸ் கால்ற்றன் என்ற ஆங்கிலேய அறிஞர் இனமேம்பாட்டுக்கு "யூஜெனிக்ஸ்" என்று பெயர் வைத்தது 1883இல், நம் தண்டனைச் சட்டக்கோவை வந்த அதே வருடம். 1907இல் அமெரிக்க இண்டியானா மாநிலம் கட்டாய மலடாக்கலுக்குச் சட்டம் போட்டது. 1927இல் கரி பக் என்ற பெண்ணை மலடாக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது, தாய், மகள், பேத்தி மூன்று தலைமுறையும் மந்தபுத்தி என்று. அந்தப் பேத்தி பள்ளிக்கூடத்தில் நல்ல மாணவர் பட்டியலில் பெயர் வந்த பிள்ளை. அமெரிக்காவில் 60,000க்கு மேல், ஜேர்மனியில் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் ஏறத்தாழ 4 இலட்சம், நலன்புரிக்குப் பெயர்போன சுவீடனிலும் 60,000 பேரளவில். ஏழைகள், வாய் பேசாதவர்கள். பொறுக்கியவன் வீட்டுப் பிள்ளை எந்தப் பட்டியலிலும் இல்லை.

"நம்மட சனம்" என்ற சொல்லையும் கவனமாகப் பாவியுங்கள் தம்பி. நம் மாவட்டத்தில் ஒருவர் பிள்ளையை மற்றவர் எண்ணிக்கொண்டிருக்கும் நோய் ஏற்கனவே இருக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையை அடித்து உடைத்தார்கள், பள்ளிவாசலையும் விடவில்லை. காரணம், கறிக்குள் மலட்டுக் குளிசை போட்டார்கள் என்ற கதை. பின்னர் சோதித்தால் அது மாக்கட்டி. ஒரு சனத்தின் விருத்தியை யாரோ கையாளுகிறார்கள் என்ற எண்ணமே இங்கே தீக்குச்சி.

எனக்கே தெளிவில்லாத ஒன்றும் இருக்கிறது. மூத்தவன் வளர்ந்து, தம்பியோ தங்கச்சியோ சோதித்துப் பெற்ற பிள்ளை என்று தெரிய வரும்போது என்ன நினைப்பான்? இரத்தம் ஏற்ற வரும் ஒரு பதினான்கு வயதுப் பொடியன் என்னிடம் ஒரு நாள், ஊசி ஏறிக்கொண்டிருக்க, "அங்கிள், தங்கச்சிய செக் பண்ணித்தான் பெத்தவங்க. என்னையும் செக் பண்ணியிருந்தா நான் இங்க இருப்பனா?" என்றான். நான் போத்தலைத் தட்டிப் பார்ப்பதுபோல நின்றேன். பிறகு, "இருந்திருக்க மாட்டாய்" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "அப்ப செக் பண்ணாததும் நல்லந்தான்" என்று சிரித்துவிட்டு மொபைலில் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கினான். மூத்தவனுக்கு மாற்றி வைக்க எலும்பு மச்சை பொருந்தும் பிள்ளையாகவும் பார்த்துப் பொறுக்கலாம் என்று கிளினிக் சொல்லக்கூடும். நோயில்லாமலும் பொருந்தியும் வருவது பதினாறில் மூன்றுதான். பொருத்தம் இல்லாமல் பிறந்தாலும் அந்தப் பிள்ளை உங்களுக்கு வேண்டுமா என்று அதற்கு முன் கணவனும் மனைவியும் தனியாக இருந்து பேசுங்கள். மாமி, மச்சினன் எல்லோரையும் கூட்டி வைத்து அல்ல.

முளையத்தின் பரம்பரையலகையே வெட்டித் திருத்தலாம் என்று சொல்பவர்களை இப்போதைக்கு நம்ப வேண்டாம். 2018இல் சீனாவில் ஹ ஜியன்குயி என்ற விஞ்ஞானி அதைச் செய்து, பிறந்த பிள்ளைகளில் திருத்தம் சரியாக விழவும் இல்லை, அவர் மூன்று வருடம் மறியலுக்கும் போனார். நோயாளியின் சொந்த மச்சைக் கலங்களை மட்டும் திருத்தும் மருத்துவம் வேறு, அது பிள்ளைகளுக்குக் கடத்தப்படாது. 2023 நவம்பரில் பிரித்தானியா தலசீமியாவுக்கு அனுமதித்தது. அமெரிக்காவில் விலை 22 இலட்சம் டொலர், நமக்கு எட்டாது. உங்கள் மகனின் காலத்தில் எட்டலாம், எட்டாமலும் போகலாம்.

கடைசியாக, காசு கட்டுவதற்கு முன் மகனின் பழைய றிப்போர்ட்டை எடுத்து ஈமோகுளோபின் ஈ (ஈமோகுளோபினின் ஒரு மாறிய வகை) என்று எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் இருவரில் ஒருவர் பீற்றாக் காவி, மற்றவர் ஈ காவி. அந்த ஜோடிப் பிள்ளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஒருவனுக்கு மாதாமாதம் இரத்தம் வேண்டும், அதே ஜோடி உள்ள மற்றவன் இரத்தம் ஏற்றாமலே வளர்ந்து விவசாயம் செய்வான். எது எப்படி ஆகும் என்று முளையத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படியானால் எதைப் பொறுக்குகிறீர்கள் என்ற கேள்வியே மாறிவிடும். ஈமோகுளோபின் ஏ2, ஈ, எஃப் மூன்று அளவும் தெரிகிற மாதிரி, பெயரையும் வைத்தியசாலை இலக்கத்தையும் மறைத்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மனைவியின் தங்கைக்குக் கல்யாணம் பேசுகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அவவையும் சோதியுங்கள். முடிவை அவவின் கையில் மட்டும் கொடுங்கள்.